மஞ்சள் காட்டிய பீப்பாய்கள்

எங்கள் தெருக்கோடி மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டவர்களுக்குச் சென்ற மாதம் மஞ்சள்காமாலை கண்டது. நான் வீடு வீடாகக் கேட்டு எண்ணியது பதினேழு பேர். விட்டுப்போனவர்களும் இருக்கலாம். சுகாதாரப் பணியில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் இருவர் வந்து, மண்டபத்துக் குழாயைத் திறந்து, கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். நிறம் வந்தது. "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று ஸ்கூட்டரை எடுத்தார்கள்.

நான் வாசலில் மறித்தேன். கல்யாணத்தன்று குழாயில் வாய் வைத்துக் குடித்தவர் எத்தனை பேர் என்று கேட்டேன். வரவேற்பில் ரோஸ்மில்க் கொடுத்தார்களே, அதில் மிதந்த ஐஸ் எங்கிருந்து வந்தது? அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பரிமாறிய பையனின் மணிக்கட்டு செம்போடு சேர்ந்து டிரம்முக்குள் போவதைப் பதினான்கு தடவை வரை எண்ணிவிட்டு, என் வீட்டுப் பாட்டிலைத் திறந்து குடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இளைஞர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, "ஐயா டிபார்ட்மெண்ட்டா? எழுதிக் குடுங்களேன், எங்க பயிற்சி வகுப்புல வாசிக்கலாம்" என்றார். மரியாதைக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். நான் எழுதிவிட்டேன்.

நான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்க்காரன். பள்ளியிறுதி முடித்து, சுகாதார ஆய்வாளர் பயிற்சி முடித்து, அம்மை குத்துவதும் கிணற்றுக்கு மருந்து போடுவதுமாகச் சில ஊர்கள் சுற்றி, எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிக்கு வந்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில் மிஞ்சியது இவ்வளவுதான்: வயிற்று நோய் ஒருவன் மலத்திலிருந்து இன்னொருவன் வாய்க்குப் போகிறது, போகிற வழி தண்ணீர், சோறு, ஈ, கைவிரல். ஏதாவது ஓரிடத்தில் வழியை அடைத்தால் போதும். கேட்க எளிதாக இருக்கும்.

முத்துக்குளிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்பு முத்துக்குளித்த குடும்பங்களின் ஆட்களே இப்போது சங்கு குளித்துக்கொண்டிருந்தார்கள். பருவம் தொடங்கியதும் கரையோர ஊர்களிலிருந்து வந்து, துறைமுகத்துக்கு வடக்கே மணலில் ஓலைக் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அந்த ஆண்டு பதினெட்டு வள்ளங்கள். ஒரு வள்ளத்தில் எட்டுக் குளியாட்கள், ஆறு துடுப்புக்காரர்கள், சுக்கான் பிடிக்கிற தண்டல் ஒருவர். குளியாள் என்றால் மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்ச் சங்கு எடுக்கிறவர். இயந்திரம், காற்றுக்குழாய் எதுவும் கிடையாது. முகத்தில் கண்ணாடி, காலில் தகடு, இடுப்பில் வலைப்பை. மற்றதெல்லாம் அவருடைய நெஞ்சுதான்.

வள்ளத்துக்கு ஒரு மரப்பீப்பாய் குடிநீர். அதற்கு மருந்து போடுவது என் வேலை. விடியுமுன் கரைக்குப் போவேன். பிளீச்சிங் பவுடரைச் சிறு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைப்பேன். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கிற தெளிவை மட்டும் அளந்து பீப்பாயில் ஊற்ற வேண்டும். வண்டலையும் சேர்த்துக் கொட்டினால் தண்ணீர் காறும். ஊற்றி அரைமணி காத்திருந்து, பீப்பாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் இளமஞ்சள் வரவேண்டும். மஞ்சள் வந்தால் கிருமி செத்தது. இன்னும் காவலுக்குக் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று பொருள். பவுடர் டின்னைத் திறந்து வைத்தால் கடற்காற்றில் வீரியம் போய்விடும். அதனால் மூடியை மெழுகுத்துணி கட்டி வைத்திருந்தேன். பதினெட்டுப் பீப்பாயிலும் மஞ்சள் பார்த்த பிறகே பாய் விரிக்க விடுவேன். கரையில் எனக்கு வைத்த பெயர் வாந்திபேதி அண்ணாச்சி.

எங்கள் மருத்துவ அதிகாரி டாக்டர் எஸ்தர் செல்லத்தாய். நாசரேத் பக்கத்து அம்மா. ஒல்லி, சத்தமாகப் பேசியதே இல்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். கொண்டுவருகிறவரின் கையைத்தான் பார்ப்பார். விரல் தண்ணீரில் முங்குகிறதா, செம்பை எங்கே வைக்கிறார்கள், பானைக்கு மூடி இருக்கிறதா. பார்த்து முடித்ததும் செம்பை அப்படியே திண்டில் வைத்துவிடுவார். வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் வைப்பது எங்கள் பக்கத்தில் சின்ன அவமானம் இல்லை. அவர் முதுகு மறைந்ததும் திட்டு எனக்கு விழும். "அப்புறம் எதுக்குக் கேட்டாக ஒங்க அம்மா?" என்பார்கள். ஒருநாள் அவரிடமே சொன்னேன். "எப்படிக் குடிக்கீங்கன்னு கேட்டா, எல்லாரும் சரியாத்தான் சொல்லுவாங்க" என்றார். வேறு விளக்கம் தரவில்லை.

பருவத்தின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, குளியாள் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். முந்தின இரவே வயிறு போயிருக்கிறது. சொல்லவில்லை. அரிசி கழுவின தண்ணீர் போலப் போய்க்கொண்டிருந்தது. காலரா. அவர் பிழைக்கவில்லை.

குளியாட்களிடம் காலராவைத் தொடக்கத்தில் கண்டுபிடிப்பது கடினம். மற்றவர்களுக்கு உடம்புநீர் வற்றினால் கைவிரல் சுருங்கும், கண் குழியும். குளியாளுக்கு நாள் முழுக்க விரல் ஊறிச் சுருங்கித்தான் இருக்கும். கண் சிவந்து, கண்ணாடி அழுத்திய தடத்தோடு குழிந்தேதான் இருக்கும். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, நோயாளியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். தூக்கிய மடிப்பு துணியைப் போல அப்படியே நின்றது. "விரலைப் பாக்காதீங்க. வயித்தைக் கிள்ளிப் பாருங்க" என்றார். பிறகு சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். கட்டில் தூக்கிவந்த நால்வரையும் கழுவச் சொன்னார். அவர்கள் எட்டி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். "மூச்சுல வராது. கையில வரும், தண்ணில வரும். மூக்கை விட்டுட்டுக் கையைக் கழுவுங்க."

தனிக் கொட்டகை போட்டோம். கழிந்ததன் மேலும் வாந்தியின் மேலும் பவுடர் கொட்டி, வெகுநேரம் கிடக்கவிட்டுப் புதைத்தோம். துணிகளை மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டோம். சமையல் கொட்டகையில் ஈ மொய்க்காமல் சோற்றை மூடவைத்தோம். எல்லாருக்கும் காலராத் தடுப்பூசியும் போட்டோம். ஆனால் தண்ணீர் கெட்டிருந்தால் இந்த ஊசி காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். பீப்பாய்களில் அளவைக் கூட்டினேன். மஞ்சள் நன்றாகவே வந்தது.

ஆனாலும் படுத்துக்கொண்டே இருந்தார்கள். வியாழக்கிழமைக்குள் பதினொரு பேர்.

அன்று மதியம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: முகாமைக் கலைத்து எல்லாரையும் ஊருக்கு அனுப்பு. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு மடித்தார்.

"ஆளுக்கொரு ஊரு. இவங்க போனா இதுவும் கூடவே போகும்" என்றார். "வேம்பாருல இருந்து மணப்பாடு வரைக்கும் ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கிணறு. ஒருத்தன் போதும்."

கலைக்காவிட்டாலும் காலம் இல்லை. சனிக்கிழமை மாலை சங்கு ஒப்படைத்துக் கணக்கு முடிந்தால், ஞாயிறு மாதா கோயில் பூசைக்கு முக்கால்வாசிப் பேர் தங்கள் ஊருக்குப் போவது வழக்கம். போலீசை வைத்துத் தடுத்தால் இரவோடு இரவாகக் கடல் வழியே போய்விடுவார்கள். கடல்காரனைக் கரையில் எப்படி மறிப்பது? ஆக, சனிக்கிழமை மாலைக்குள் நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். தெரிந்தால், "இங்கே இருந்தால் பிழைப்பாய்" என்று சொல்ல வாய் இருக்கும். தெரியாவிட்டால் எந்த முகத்தோடு சொல்வது?

அன்று மாலை வள்ளங்கள் திரும்பியபோது நான் கரையில் நின்றேன். படுத்த பதினொரு பேரையும் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஐந்து வெவ்வேறு வள்ளத்து ஆட்கள். பதினொரு பேரும் குளியாட்கள். துடுப்புக்காரர் ஒருவர்கூட இல்லை. தண்டல் ஒருவர்கூட இல்லை. ஒரே கொட்டகை, ஒரே சோறு, ஒரே பீப்பாய். சொல்லப்போனால் குளியாள் காலையில் வெறும் வயிற்றோடுதான் போவார். வயிற்றில் சோறு கிடந்தால் மூச்சு நிற்காது. கஞ்சி குடித்துவிட்டுப் போகிற துடுப்புக்காரர் நன்றாக இருக்கிறார்.

கடல்நீரை விழுங்கியிருப்பார்களோ என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் குளிக்கிற இடம் கரையைவிட்டு வெகுதூரம். ஊர்ச் சாக்கடை அங்கே எட்டாது. என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு கம்பை எடுத்துப் பீப்பாய் ஒன்றுக்குள் விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் நனைந்தது. அடுத்ததிலும் அப்படியே. பதினெட்டையும் அளந்தேன். அந்த வெயிலில் பதினைந்து பேர் நாள் முழுக்கக் குடித்த பீப்பாய் பாதிக்கு மேல் நிறைந்து திரும்பியிருந்தது.

ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். நோயாளிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"ஆறு பேரும் தண்டலும் மட்டும் குடிச்சா எவ்வளவு குறையும்?"

"ஏறக்குறைய அவ்வளவுதாம்மா குறைஞ்சிருக்கு."

"அப்ப மத்த எட்டுப் பேரு எதைக் குடிக்கான்?"

குளியாட்களில் பெரிய கை தொம்மை. நாற்பது வயது இருக்கும். ஒரு முங்கில் அவர் எடுக்கிற சங்கை மற்றவர் மூன்று முங்கில் எடுக்க மாட்டார்கள். அவர் சொல்லுக்குக் கொட்டகை கட்டுப்படும். நேரே போய்க் கேட்டேன்.

"பீப்பாய்த் தண்ணிதான் அண்ணாச்சி. வேற எதைக் குடிப்போம்? கடலையா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் மணலைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் வள்ளத்திலேயே ஏறினேன். டாக்டரம்மா என் பையில் ஒரு டின் வைத்துக் கொடுத்தார். உள்ளே உப்பு, தட்டிய உடன்குடிக் கருப்பட்டி, ஒரு கரண்டி. சலைன் பாட்டில் குறைந்துகொண்டே வந்ததால், உணர்வோடு இருக்கிற நோயாளிகளுக்கு அவர் இப்படிக் கலந்து வாய்வழியே கொடுக்கத் தொடங்கியிருந்தார். "உப்பு கண்ணீரளவு கரிக்கலாம், அதுக்கு மேல கூடாது. வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் பொறுத்து மறுபடி குடுங்க. கரண்டி கரண்டியா."

கரை மறைவதற்குள் எனக்குக் குமட்டல் வந்துவிட்டது. வள்ளத்து விளிம்பைப் பிடித்துக் குனிந்தேன்.

"ஏலே, வாந்திபேதி அண்ணாச்சிக்குப் பாதி வந்துட்டுலே!" என்றான் ஒரு துடுப்புக்காரன்.

"மீதி எப்ப வருமாம்? கேட்டுச் சொல்லு, நான் அந்தப் பக்கமா ஒக்காந்துக்கிடுதேன்" என்றான் இன்னொருவன்.

தண்டல் சந்தியாகு, வெற்றிலை மென்றுகொண்டே, "தண்ணியப் பாக்காதீக அண்ணாச்சி, தூரத்துல அங்கன வானத்தப் பாருங்க" என்றார். தொம்மை மட்டும் சிரிக்கவில்லை. அவர் தம்பி அருளப்பனும் சிரிக்கவில்லை. அருளப்பனுக்கு இருபத்திரண்டு வயது. அந்தப் பருவம் முடிந்ததும் கல்யாணம் என்று பேசிக்கொண்டார்கள்.

இடம் வந்ததும் இறங்கினார்கள். ஒருவர் மூழ்கினால் நானும் மூச்சைப் பிடித்துப் பார்ப்பேன். என் மூச்சு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் தலை தெரியும். எழுந்து வரும்போது உதடு உப்பில் வெந்திருக்கும். துடுப்புக்காரர்கள் பீப்பாயிலிருந்து மொண்டு மொண்டு குடித்தார்கள். எட்டுக் குளியாட்களில் ஒருவரும் பீப்பாய்ப் பக்கம் வரவில்லை. வெயில் ஏற ஏற உதடுகள் வெடித்தன. நான் செம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினேன். "வேண்டாம் அண்ணாச்சி." அடுத்தவரிடம் நீட்டினேன். "இப்பம் வேண்டாம்." என்னை வைத்துக்கொண்டு அவர்களால் குடிக்க முடியாத தண்ணீர் எங்கேயோ இருந்தது. நான் இருந்த ஒரே காரணத்தால் எட்டுப் பேர் தாகத்தில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

உச்சிப்பொழுதுக்கு அருளப்பன் மேலே வந்தான். கயிற்றைப் பிடித்தான், ஏற முடியவில்லை. இருவர் கையைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி, கால் தானாக மடங்கியது. தண்ணீராக வாந்தி எடுத்தான். "குளுருல சுளுக்கிட்டு" என்றான் ஒருவன். அருளப்பன் விரல் சுருங்கியிருந்தது. எல்லார் விரலும் சுருங்கித்தான் இருந்தது. நான் வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கினேன். மடிப்பு நின்றது.

"ராத்திரியே வயிறு போச்சாலே?" என்று கேட்டேன். கண்ணை மூடித் தலையாட்டினான். சொன்னால் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று மறைத்திருக்கிறான்.

நான் டின்னைத் திறந்து, பீப்பாயில் தண்ணீர் மொண்டு, உப்பும் கருப்பட்டியும் கலக்கினேன். தொம்மை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தத் தண்ணி வேண்டாம்."

"தொம்மை, இப்ப இவனுக்குத் தண்ணி போகலைன்னா..."

"மருந்துத் தண்ணி குளியாளுக்கு ஆகாது. மூக்குல ஏறுத வாடை நெஞ்சுல போயி ஒக்காந்துரும். மூச்சு நிக்காது. ஏற்கனவே கெடக்கான், இதையும் ஊத்திக் கொல்லணுமா?" தண்டலைப் பார்த்துக் கத்தினார். "சந்தியாகு, தீவுக்குத் திருப்பு! நல்ல தண்ணி குடுப்போம்."

பாய் திரும்பியது. நான் தடுத்திருந்தாலும் நின்றிருக்காது. போகிற வழியில் ஒரு சின்ன மணல் தீவு. ஆள் கிடையாது, முள்ளும் மணல்மேடும்தான். தொம்மை முழங்காலளவு நீரில் குதித்து, தேங்காய்ச் சிரட்டையோடு மேட்டுக்கு ஓடினார். நானும் தடுமாறி இறங்கிப் பின்னால் ஓடினேன்.

மணலில் இடுப்பளவு தோண்டிய ஊற்று. அடியில் தெளிந்த தண்ணீர். சுற்றிலும் நிறையக் கால்தடம். எல்லா வள்ளத்துக் குளியாட்களும் வந்துபோகிற இடம் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் ஊற்றைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினேன். மேட்டு உச்சியில் முள்மறைவில், ஊற்றிலிருந்து கல்லெறி தூரம்கூட இல்லை, எல்லாரும் ஒதுங்குகிற இடம். புதியதும் பழையதுமாக மணல் முழுக்க. ஒன்றிரண்டு இடத்தில் வெறும் நீராகப் போய் மணலில் இறங்கிக் காய்ந்த தடம். மேடு ஊற்றை நோக்கிச் சரிந்திருந்தது.

திரும்பி ஓடிவந்தேன். தொம்மை சிரட்டை நிறைய மொண்டு எடுத்துக்கொண்டு வள்ளத்தை எட்டியிருந்தார்.

"தொம்மை, குடுக்காதீங்க! இதுதான். இதுலதான் இருக்கு."

"எங்க அப்பன் காலத்து ஊத்துவே இது!"

"அப்ப நோய் இல்ல. இப்ப எவனோ கொண்டுவந்து அந்த மேட்டுல விட்டிருக்கான். மணலுக்குள்ள எறங்கி இங்க வந்து ஊறுது."

"கண்ணாடி மாதிரி இருக்கு தண்ணி. பாருங்க!"

தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. அதை என் குப்பியில் பிடித்துக் காட்டினாலும் அவருக்கு எதுவும் தெரியாது. வள்ளத்தில் அருளப்பனின் தலையை ஒருவர் தூக்கிப் பிடித்திருந்தார். தொம்மையின் கை நீண்டது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் பேசினேன்.

"படுத்தது எத்தனை பேரு? பதினொண்ணு. இவனோட பன்னெண்டு. இதுல குளியாள் எத்தனை?"

அருளப்பன் தலையைத் தாங்கியிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"பன்னெண்டும் குளியாள். துடுப்புக்காரன் எத்தனை? பதினெட்டு வள்ளத்துல நூத்தியெட்டுத் துடுப்புக்காரன் இருக்கான். ஒருத்தன் படுத்தானா? தண்டல்ல ஒருத்தன் படுத்தானா? அவங்க எதைக் குடிக்காங்க?"

தொம்மையின் கை அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சந்தியாகுவைப் பார்த்தார்.

சந்தியாகு வெற்றிலையைக் கடலில் துப்பினார். "ஏலே தொம்மை, நான் அந்தப் பீப்பாயத்தான குடிக்கேன். வாடைதான். எங்கூட்டுக்காரி வைக்கித கொழம்பவிட மோசமில்ல. நெஞ்சு அடைக்கும்னா எனக்குல்லா மொதல்ல அடைச்சிருக்கணும், இந்த வயசுக்கு." பிறகு குரல் தாழ்ந்தது. "அவன் பொழைக்கட்டும்டா. மூச்ச அப்புறம் பாப்போம்."

தொம்மை சிரட்டையைக் கவிழ்த்தார். மணல் அதை உடனே குடித்துவிட்டது.

திரும்பும் வழி முழுக்க, பீப்பாய்த் தண்ணீரில் கரைத்ததைக் கரண்டி கரண்டியாக அருளப்பன் வாயில் விட்டோம். வாந்தி எடுத்தான், கொஞ்சம் பொறுத்து மறுபடி விட்டோம். நடுவில் கரண்டியை என்னிடமிருந்து தொம்மை வாங்கிக்கொண்டார். காற்று எதிர்க்காற்று, துடுப்புக்காரர்கள் ஆறு பேரும் விடாமல் துடுப்பு வலித்தார்கள். என் குமட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. கரையில் டாக்டரம்மா, மிச்சமிருந்த கடைசி சலைன் பாட்டில்களில் ஒன்றைத் தொங்கவிட்டார். இருட்டுகிற நேரத்தில் அருளப்பனுக்குச் சிறுநீர் பிரிந்தது; உடம்பில் தண்ணீர் தேறிவிட்டது என்று பொருள். அதைக் கேட்டதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வாரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

சனிக்கிழமை காலை யாரும் கடலுக்குப் போகவில்லை. கொட்டகை முன்னால் எல்லாரும் கூடினார்கள். மருந்துத் தண்ணீர் மூச்சை அடைக்காது என்று டாக்டரம்மா விளக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"வாடை இல்லாத தண்ணி தந்தா குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"பவுடர் போடாமலா?" என்றார் தொம்மை.

"போடாம. நல்லாக் கொதிக்க வச்சு, ஆறவச்சு. கொதிச்சாலும் கிருமி சாகும். ஆனா அதுக்கப்புறம் ஒரு கை உள்ள போகக் கூடாது. பீப்பாய மூடி அடிச்சு, கீழ குழாய் வச்சுத் தருவேன். இன்னொண்ணு. இந்த ஞாயித்துக்கிழமையும் அடுத்த ஞாயித்துக்கிழமையும் யாரும் ஊருக்குப் போகக் கூடாது. நோய் உள்ள இருந்து வெளிய தெரியச் சில நாள் ஆகும். தெரியாம வீட்டுக்குக் கொண்டுபோயிராதீங்க."

"பூசை?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"சாமியாரை இங்கன வரச்சொல்லியிருக்கேன்."

"தீர்த்தத்துலயும் அண்ணாச்சி பவுடர் போடுவாரா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தக் கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. டாக்டரம்மா சிரிக்காமல், "தெளிக்கலாம். குடிக்கக் கூடாது" என்றார்.

தொம்மை எழுந்து, "நான் போகல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாலையில் நான் சாலை முனையில் நின்று எண்ணினேன். நான்கு பேர் மட்டும் துணிப்பையோடு வந்தார்கள். தொம்மை அவர்களுக்கு முன்னாலேயே வந்து அங்கே நின்றிருந்தார். நால்வரும் திரும்பினார்கள்.

கோயிலில் அசனத்துக்கு, அதாவது திருவிழாப் பொதுப் பந்திக்கு, சோறு பொங்குகிற பெரிய அண்டாக்களை வாங்கிவந்து, பனைமட்டை எரித்துத் தண்ணீர் கொதிக்கவைத்தோம். வாசலில் சோப்பும் வாளியும் வைத்தோம். ஊற்றைத் தொம்மையும் அவர் ஆட்களுமே போய் மூடினார்கள். முன்பே தொற்றியிருந்த மூன்று பேர் அடுத்த சில நாட்களில் படுத்தார்கள், அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் படுக்கவில்லை. கரையோர ஊர் எதிலிருந்தும் செய்தி வரவில்லை. அருளப்பன் கல்யாணம் பருவம் முடிந்து நடந்தது. எனக்குப் பந்தியில் முதல் இலை.

தண்ணீர் கொதிக்கவைக்கத் தொடங்கிய அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர், வள்ளங்கள் கிளம்புமுன் விடிகாலையில் பார்வையிட வந்தார். வந்ததும் என் குப்பியை வாங்கி, பீப்பாய்க் குழாயைத் திறந்து தானே சோதித்தார். நிறம் வரவில்லை. அடுத்த பீப்பாய். வரவில்லை. பதினெட்டையும் சோதித்தார். ஒன்றிலும் மஞ்சள் இல்லை.

"என்ன டாக்டர் இது? காலரா முகாம்ல குளோரின் இல்லாத தண்ணியா? போன வாரம் சரியா இருந்ததா உங்க ஆளு எழுதியிருக்காரே."

"போன வாரம் எல்லாப் பீப்பாயும் மஞ்சள் காட்டுச்சு சார்" என்றார் டாக்டரம்மா. "ஆனா சாயங்காலம் பாதி நெறஞ்சு திரும்பி வந்தது. வள்ளம் வர்ற வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க."

அவருக்கு நேரம் இல்லை, ஜீப் ஏறிவிட்டார். மாலையில் நாங்கள் இருவரும் கரையில் வந்து நின்றோம். வெயில் சாய்ந்ததும் பாய்கள் தெரிந்தன. நான் கம்பை எடுத்துக்கொண்டு நீரோரம் போனேன். முதல் வள்ளத்திலிருந்து தொம்மை, பீப்பாயைத் தோளில் வைத்துத் தனி ஆளாகச் சுமந்து இறங்கினார். நிறைந்த பீப்பாயை ஒரு ஆள் அப்படித் தூக்க முடியாது.

"கம்பெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?" என்று சொல்லி, அதை மணலில் இறக்கி, கைமுட்டியால் தட்டினார்.

கோயில் மேளம் மாதிரி அதிர்ந்தது. நான் அடுத்த வள்ளத்துக்குப் போனேன். பதினெட்டையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.